பூட்டை இழுக்க இழுக்கச் சந்தேகம் கூடுவது ஏன்?

"வீட்டைப் பூட்டிவிட்டுப் பத்தடி நடந்ததும் பூட்டினேனா என்று சந்தேகம் வந்துவிடுகிறது. திரும்பிப் போய் இழுத்துப் பார்க்கிறேன். பூட்டித்தான் இருக்கிறது. தெருமுனையைத் தாண்டுவதற்குள் மறுபடியும் அதே சந்தேகம். இது மனநோயா?" என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். கடைசியில் ஒரு வரி சேர்த்திருக்கிறார்: "எனக்கு ஞாபகசக்தி குறைந்துவிட்டது என்று வீட்டில் சொல்கிறார்கள்."

என்னை எழுத உட்கார வைத்தது அந்தக் கடைசி வரிதான். முதலில் கேள்விக்குப் பதிலைச் சொல்லிவிடுகிறேன்.

ஒரு நடத்தை விநோதமாகத் தெரிவதாலேயே அதை நோய் என்று சொல்லிவிட முடியாது. அது அவரை வதைக்கிறதா, வேலையையும் உறவுகளையும் கெடுக்கிறதா, நாளில் எவ்வளவு நேரத்தை விழுங்குகிறது என்றுதான் மனநல மருத்துவர் கேட்பார். எண்ணச் சுழல் நோய் எனப்படும் ஓ.சி.டி.க்கு, ஒரு நாளில் ஒரு மணி நேரத்துக்கு மேல் போகிறதா என்பது ஒரு முக்கியமான அளவுகோல். இந்தக் கோடுகளைக் கிழிப்பவர்களும் மனிதர்கள்தான் என்பதை மறக்க வேண்டாம். ஓரினச் சேர்க்கையை நோய்ப் பட்டியலிலிருந்து நீக்க அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்துக்கு 1973 வரை ஆனது.

இன்னொன்று: மனத்தில் திடீரென முளைக்கும் பயங்கரமான எண்ணங்களும் நோயாளிகளுக்கு மட்டும் உரியவை அல்ல. ஸ்டான்லி ராக்மன், பத்மல் டி சில்வா என்ற இரு உளவியலாளர்கள் 1978-ல் எந்த மனநோயும் இல்லாதவர்களிடம் இதைக் கேட்டார்கள். கையில் இருக்கும் குழந்தையைப் போட்டுவிடுவேனோ என்பது போன்ற எண்ணங்கள் பெரும்பாலோருக்கு வந்து போவது தெரிந்தது. வந்த எண்ணம் போய்விட்டால் பிரச்சினை இல்லை. போகாமல் சுற்றிச் சுற்றி வந்தால்தான் நோய்.

ஏன் சுற்றுகிறது? பேய், தெய்வக் குற்றம் என்ற விளக்கம் மிகப் பழையது. அதில் எனக்கு இருக்கும் கோபம் வெறும் பகுத்தறிவுக் கோபம் அல்ல. எதையும் எண்ணி எண்ணிச் செய்து தவிக்கும் ஒருவரிடம், இன்னதை இத்தனை முறை செய் என்று ஒரு பரிகாரத்தையும் கொடுத்தால், அவர் கையில் இன்னொரு பூட்டைக் கொடுத்த மாதிரிதான்.

மூளை ஆய்வாளர்கள் வேறு இடத்தைக் காட்டுவார்கள். கண்ணுக்கு மேலே இருக்கும் முன்மூளைப் பகுதி, மூளையின் ஆழத்தில் இருக்கும் வால்வடிவ உட்கரு, தாலமஸ் ஆகியவற்றை இணைக்கும் சுற்றுப்பாதை ஓ.சி.டி. உள்ளவர்களிடம் அளவுக்கு மீறி இயங்குகிறது. ஓர்வல் மௌரர் போன்ற கற்றல் உளவியலாளர்களின் விளக்கம் வேறு: இழுத்துப் பார்த்தவுடன் பயம் தணிகிறது, அந்த நிம்மதியே கூலி, கூலி கிடைக்கும் வேலையை மனம் விடாது. 1950-களில் அமெரிக்காவில் நாய்களை வைத்து ஒரு சோதனை நடந்தது. சமிக்ஞை வந்ததும் தடுப்பைத் தாண்டிக் குதித்தால் மின்அதிர்ச்சியிலிருந்து தப்பலாம். பிறகு மின்சாரத்தை நிறுத்திவிட்டார்கள். நாய்கள் குதிப்பதை நிறுத்தவில்லை. குதிக்காமல் நின்று பார்த்தால்தானே அதிர்ச்சி இல்லை என்று தெரியவரும்?

இதெல்லாம் சரி. ஆனால் ஒரு நெருடல் இருக்கிறது. இழுத்துப் பார்த்தால் நிம்மதி வருகிறது என்றால் ஒரு முறையோடு முடிந்திருக்க வேண்டுமே? ஆதாரம் சேரச் சேரச் சந்தேகம் எப்படி வளரும்?

நெதர்லாந்தைச் சேர்ந்த மார்செல் வான் டென் ஹௌட், மெரெல் கிண்ட் இருவரும் 2003-ல் வெளியிட்ட சோதனை இங்கேதான் வருகிறது. கணினித் திரையில் ஒரு கேஸ் அடுப்பு, அதில் சில குமிழ்கள். நோய் எதுவும் இல்லாத மாணவர்கள் குமிழைத் திருப்பிப் பற்றவைத்து, அணைத்து, அணைந்ததா என்று சரிபார்க்க வேண்டும். ஒரு குழு இதையே இருபது முறை செய்தது. இன்னொரு குழு அடுப்புக்குப் பதிலாக மின்விளக்குகளை இருபது முறை சரிபார்த்தது. கடைசியில் இரு குழுவும் ஒரு முறை அடுப்பைச் சரிபார்த்தன. பிறகு கேள்வி: இப்போது எந்தக் குமிழ்களைத் தொட்டீர்கள்?

இரண்டு குழுவும் ஏறக்குறைய ஒரே அளவில் சரியாகச் சொன்னார்கள். அடுப்பையே திரும்பத் திரும்பப் பார்த்தவர்களின் ஞாபகத்துக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் அந்த ஞாபகத்தின் தெளிவும் நுணுக்கமும் குறைந்துவிட்டன, அதன் மீது அவர்களுக்கு இருந்த நம்பிக்கையும் சரிந்துவிட்டது. சரியான பதிலைச் சொல்லிவிட்டு, சரிதானா என்று தயங்கினார்கள்.

முதல் முறை குமிழைத் திருப்பும்போது புலன்கள் எல்லாம் விழித்திருக்கின்றன. குமிழின் சொரசொரப்பு, டக் என்ற ஓசை, நீலச்சுடர் சுருங்கி மறைவது எல்லாம் பதிவாகின்றன. பத்தாவது முறை கை மட்டும் வேலை செய்கிறது. தெரிந்த சங்கதிதானே என்று மூளை விவரங்களைப் பதிவதை விட்டுவிடுகிறது. போதாததற்கு, அச்சடித்தாற்போல இருக்கும் பத்து ஞாபகங்கள் ஒன்றன்மேல் ஒன்று படிந்து கலங்கலாகிவிடுகின்றன. 'அணைத்தேன் என்று தெரியும்' என்பது மிஞ்சுகிறது. 'அணைத்தது கண்முன் நிற்கிறது' என்பது போய்விடுகிறது. நாமோ கண்முன் நிற்பதைத்தான் ஆதாரமாக ஏற்கிறோம். அது இல்லையென்றால் மறுபடியும் போகிறோம். போனால் இன்னும் கொஞ்சம் மங்குகிறது.

மறதியால் சரிபார்க்கிறார் என்று வீட்டில் சொல்கிறார்கள் அல்லவா? சரிபார்ப்பதால்தான் மறந்தது போல இருக்கிறது.

கனடாவில் 2006-ல் நிஜமான அடுப்பை வைத்தே இதைச் செய்தார்கள். அதே முடிவு. ஓர் அடுப்பும் சில மாணவர்களும் போதும் இந்த ஆய்வுக்கு. வண்ண வண்ண மூளைப் படங்களைக் கண்டதும் பணத்தை அள்ளிக் கொடுக்கும் ஆராய்ச்சிக் குழுக்கள் இதைப் போன்ற எளிய சோதனைகளுக்குக் கொஞ்சம் ஒதுக்கினால் என்ன என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

மூளைப் படங்களை நான் குறைத்து மதிப்பதாக எண்ண வேண்டாம். லூயிஸ் பாக்ஸ்டர் குழுவினர் 1992-ல் எடுத்த படங்கள் அருமையானவை. ஓ.சி.டி. நோயாளிகளில் சிலருக்கு மாத்திரை, சிலருக்குப் பயிற்சி சிகிச்சை. குணம் தெரிந்தவர்களின் வால்வடிவ உட்கருவில் செயல்பாடு தணிந்திருந்தது, இரு சிகிச்சைகளிலும். மூளைக் கோளாறா, மனக் கோளாறா என்று பட்டிமன்றம் நடத்துபவர்கள் இந்தப் படங்களை ஒரு தரம் பார்க்க வேண்டும்.

அந்தப் பயிற்சி 1966-ல் விக்டர் மேயர் என்ற உளவியலாளர் இரண்டு நோயாளிகளிடம் செய்து பார்த்ததிலிருந்து வளர்ந்தது. பயம் தரும் பொருளைத் தொடவைத்து, கை கழுவ விடாமல் தடுத்தார். பூட்டுக்கும் அதே முறைதான். ஒரு முறை பூட்டு, நட, சந்தேகம் வரட்டும், திரும்பாதே. பதற்றம் ஏறும், நெடுநேரம் நிற்கவும் கூடும், பிறகு தானாக இறங்கும். ஒரு மணி நேரக் கணக்கைத் தாண்டியவர்கள் இதைத் தனியாக முயல வேண்டாம், மருத்துவரின் துணையோடு செய்யுங்கள். மருந்தும் சேர்ந்தே உதவலாம்.

இந்தக் கட்டுரைக்காக நானும் என் வீட்டு அடுப்பின் குமிழை இருபது முறை திருகி அணைத்துப் பார்த்தேன். அன்று இரவு படுத்த பிறகு, அணைத்தேனா என்று ஒரு கேள்வி வந்தது. அணைத்தது தெரியும். கண்முன் ஒன்றுமே வரவில்லை. எழுந்து போகவில்லை. தூக்கம் வர முக்கால் மணி நேரம் ஆனது.