டைரி பொங்கலோடு நின்றுவிடுகிறது

ஜனவரி முதல் இரண்டு வாரங்களில் எங்கள் மையத்துக்கு வருகிற பெரியவர்களில் பலர் கையில் ஒரு டைரி இருக்கும். நகைக்கடையிலோ மளிகைக்கடையிலோ இனாமாகக் கிடைத்தது. முதல் பக்கத்தில் பிள்ளையார் சுழி. அதன் கீழே, "இந்த வருஷம் வீண் செலவு கூடாது." அப்புறம் பால் இரண்டு பாக்கெட், கீரை, பஸ், வெற்றிலை என்று நுணுக்கி நுணுக்கி எழுதியிருப்பார்கள். நாள் போகப்போக எழுத்து பெரிதாகும். பொங்கலுக்குப் பிறகு பக்கம் வெள்ளை. பிப்ரவரியில் அதே டைரியைப் பார்த்தால் பேரன் ராக்கெட் வரைந்திருப்பான்.

நான் வங்கியில் 31 வருஷம் இருந்தவன். அதில் 9 வருஷம் பென்ஷன் கவுன்ட்டர். ஓய்வுக்குப் பிறகு மதுரைப் பக்கம் ஒரு நிதிசார் கல்வி மையத்தில் ஆலோசகராக உட்கார்ந்திருக்கிறேன். முன்னோடி வங்கிகள் நடத்துகிற மையங்கள் இவை. காசு வாங்காமல் பண விஷயத்தில் யோசனை சொல்வதுதான் வேலை. இங்கே வருகிறவர்கள் ஊதாரிகள் இல்லை. ஒரு தீக்குச்சியில் இரண்டு அடுப்பு பற்றவைக்கிற ஆட்கள். அப்படிப்பட்டவர்களின் டைரியே ஏன் பதினைந்தே நாளில் நின்றுவிடுகிறது என்பது எனக்குப் பிடிபட ரொம்ப நாளானது.

பென்ஷன் மாதக் கணக்கில் வருகிறது. செலவு அப்படி வருவதில்லை. நாம் எடுக்கிற சபதமெல்லாம் தினச்செலவின் மேல். நம்மைக் கவிழ்ப்பதோ வருஷத்துக்கு ஒருமுறை, இரண்டுமுறை வருகிற செலவு.

ஒருவர் கதையைச் சொல்கிறேன். அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். தனியார் நூற்பாலையில் மேற்பார்வையாளராக இருந்து ஓய்வு பெற்றவர். வருங்கால வைப்பு நிதியின் இ.பி.எஸ். பென்ஷன் மாதம் 3,150 ரூபாய். இந்த பென்ஷனில் அகவிலைப்படி கிடையாது. முதல் மாதம் என்ன தொகையோ அதேதான் கடைசிவரை. அரசு ஓய்வூதியருக்கு வருஷத்தில் இரண்டு தடவை அகவிலைப்படி ஏறும் நம்பிக்கையாவது உண்டு. இவருக்கு அதுவும் இல்லை. பி.எஃப்., கிராஜுவிட்டி எல்லாம் சேர்த்து 15 லட்சத்தை அஞ்சலகத்தில் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் போட்டிருந்தார். போட்டபோது வட்டி 8.2 சதவீதம். ஐந்து வருஷத்துக்கு அது மாறாது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை 30,750 ரூபாய். ஆக, மாதத்துக்குச் சராசரியாக 13,400. சொந்த வீடு. இரண்டே பேர்.

அவர் டைரியில் புத்தாண்டுத் தீர்மானம் மூன்று: பேப்பரை நிறுத்துவது, சாயங்காலக் காபியை நிறுத்துவது, பாலில் ஒரு பாக்கெட் குறைப்பது. இதை நாலாவது வருஷமாக எழுதுகிறாராம். பக்கத்தில் இருந்த அவர் மனைவி ஒன்றும் சொல்லவில்லை. கையைப் பார்த்தேன், கண்ணாடி வளையல் மட்டும் இருந்தது. "வளையல் எங்கம்மா?" என்று கேட்டதும் அவர் குனிந்துகொண்டார்.

ஒவ்வொரு ஐப்பசியிலும் அந்த நான்கு வளையலும் அடகுக்குப் போகின்றன. தீபாவளிச் செலவு. ஜனவரி வட்டிப் பணம் வந்ததும் அதில் ஒரு பங்கைக் கொடுத்து இரண்டை மீட்பார். மிச்சம் இரண்டு ஏப்ரல் பணத்தில் திரும்பும். அதற்குள் வைகாசிக் கல்யாணங்கள் வந்து நிற்கும். வளையல் அந்த அம்மாவின் கையில் இருப்பது வருஷத்தில் ஏழு மாதம்கூட இல்லை. பேப்பரை நிறுத்தி மிச்சம் பிடித்ததைவிட அதிகமாக அடகு வட்டி கட்டியிருக்கிறார்.

டைரியை மூடச் சொன்னேன். ஒரு முழுத்தாளை எடுத்துப் போன வருஷம் நடந்ததை மட்டும் எழுதுவோம் என்றேன். தினச்செலவு எதுவும் வேண்டாம். வீட்டு வரியும் தண்ணீர் வரியும் 3,200. ஸ்கூட்டர் இன்சூரன்ஸ், டயர் 3,500. தீபாவளி, மகள் வீட்டுக்குச் செய்தது உட்பட 9,000. பொங்கல் சீர் 3,000. குலதெய்வம் கோயிலுக்கு வேன் வைத்துப் போனது 4,000. கண்ணாடி மாற்றியது, பல் பிடுங்கியது, ரத்தப் பரிசோதனை எல்லாம் 6,000. மோட்டார் காயில், மிக்ஸி, குழாய் என்று 4,500. கடைசியாக மொய். அதை அவர் சொல்லவே தயங்கினார். 8,500. கூட்டிப் பார்த்தால் 41,700. பன்னிரண்டால் வகுத்தால் மாதம் 3,475.

அந்தத் தாளைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். "அப்போ எனக்குப் பதிமூன்றாயிரம் வரலை சார், பத்தாயிரம்தான் வருது" என்றார். வங்கியில் பயிற்சிக்கு வந்தவர்களுக்கு நான் அரை நாள் பாடம் எடுத்தும் புரியவைக்க முடியாத விஷயம் இது.

அதனால் புத்தாண்டுக்கு இலக்கு வைக்கிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: முதலில் போன வருஷத்தை எழுதுங்கள். வருஷச் செலவின் பன்னிரண்டில் ஒரு பங்கு எவ்வளவோ, அதைப் பென்ஷன் வந்த அன்றே வேறு ஒரு சேமிப்புக் கணக்குக்கு மாற்றிவிடுங்கள். அந்தக் கணக்குக்கு ஏ.டி.எம். கார்டு வேண்டாம். காலாண்டு வட்டி வாங்குகிறவர்கள் அந்தப் பணம் முழுவதையும் அந்த இரண்டாவது கணக்கில் விட்டு, மாதாமாதம் செலவுக்குரியதை மட்டும் எடுங்கள். ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் வந்தால் பணக்காரர், மற்ற எட்டு மாதம் கடன்காரர் என்ற நிலை இதில்தான் மாறும்.

மொய்யைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். சிக்கனம் பேசுகிறவர்கள் "மொய்யைக் குறையுங்கள்" என்று சுலபமாகச் சொல்லிவிடுவார்கள். எங்கள் பக்கம் அது நடக்காது. மொய் என்பது திருப்பிச் செய்யவேண்டிய கடன். நோட்டில் எழுதி வைத்திருக்கிறார்கள். அந்த நோட்டையே நமக்குச் சாதகமாகப் பயன்படுத்தலாம். உங்கள் மகள் கல்யாண மொய் நோட்டை எடுத்து, யார் வீட்டில் கல்யாண வயதில் பிள்ளை இருக்கிறது, யார் வீட்டில் காதுகுத்து பாக்கி என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து பாருங்கள். இந்த வருஷம் ஏறக்குறைய எவ்வளவு போகும் என்று தெரிந்துவிடும். நூற்பாலைக்காரர் வீட்டில் அந்தக் கணக்கைப் போட்டது அவர் மனைவி. அவருக்கு நோட்டே தேவைப்படவில்லை, மனதிலேயே இருந்தது. ஆடியிலும் மார்கழியிலும் கல்யாணம் இல்லை, அந்த இரண்டு மாதம் மிச்சமாகும் என்று நானும் நினைத்தேன். "ஆடியில அம்மன் கோயிலுக்குக் கூழ் ஊத்தணும், அப்புறம் ஆடித் தள்ளுபடி இருக்கே" என்றார்.

இன்னொரு தவறு, வருமானம் எந்தத் தேதிவரை அதே அளவில் வரும் என்று பார்க்காமல் இலக்கு வைப்பது. ரயில்வே ஊழியரின் மனைவி ஒருவர் வந்தார். கணவர் ஓய்வுக்குப் பிறகு 62 வயதில் இறந்துவிட்டார். அந்த அம்மாவுக்குக் கூடுதல் விகிதத்தில் குடும்ப ஓய்வூதியம் வந்துகொண்டிருந்தது, அதாவது கடைசிச் சம்பளத்தில் பாதி. மத்திய அரசு விதிப்படி இந்தக் கூடுதல் விகிதம் ஏழு வருஷம், அல்லது இறந்தவருக்கு 67 வயது ஆகியிருக்கும் நாள், இரண்டில் எது முன்னதோ அதுவரைதான். அதன்பின் 30 சதவீதமாக இறங்கிவிடும். அவர் விஷயத்தில் ஐந்து வருஷம். மூன்றாவது வருஷப் புத்தாண்டில் அந்த அம்மா பேத்தி கல்யாணத்துக்கென்று மாதம் 5,000 ரூபாய், 50 மாதச் சீட்டில் சேர்ந்திருந்தார். சீட்டில் பாதி போனபோது பென்ஷன் ஐந்தில் இரண்டு பங்கு குறைந்தது. வங்கிதான் ஏதோ பிடித்துவிட்டது என்று சண்டைக்கு வந்தார். பி.பி.ஓ. என்கிற ஓய்வூதிய ஆணையை எடுத்துவரச் சொன்னேன். எந்தத் தேதிவரை எவ்வளவு, அதன்பின் எவ்வளவு என்று அதிலேயே அச்சடித்திருந்தது. "இத்தனை வருஷமா பீரோவுல சேலைக்கு அடியிலதான் இருந்துச்சு தம்பி" என்றார்.

உங்கள் வீட்டிலும் சேலைக்கு அடியில் இருக்கும். எடுத்துப் படியுங்கள். கணவன் மனைவி இருவருமே உயிரோடு இருக்கும்போதே, ஒருவர் இல்லாவிட்டால் மற்றவருக்கு மாதம் என்ன வரும் என்று ஒரு தாளில் எழுதி வையுங்கள். அபசகுனமான பேச்சு என்று எழுந்து போனவர்கள் இருக்கிறார்கள். போகட்டும், பரவாயில்லை.

தினச்செலவில் கைவைக்கவே கூடாதா என்றால், வைக்கலாம். எங்கே வைக்கிறோம் என்பதுதான் கேள்வி. மின்கட்டணத்தை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்பது எல்லோருக்கும் தெரியும். 500 யூனிட்டைத் தாண்டினால் என்ன ஆகும் என்று பலருக்குத் தெரியாது. 500-க்குள் இருக்கிறவருக்கு 101 முதல் 200 வரையிலான யூனிட்டுக்கு மலிவு விகிதம் உண்டு. தாண்டிவிட்டால் அந்தச் சலுகையும் போய், 501-வது யூனிட்டிலிருந்து உயர்ந்த விகிதமும் சேரும். ஒரே ஒரு யூனிட் கூடியதற்கு 200 ரூபாய்க்கு மேல் அதிகம் கட்டவேண்டி வரும். கணக்கெடுப்பவர் வந்து போன நாளில் மீட்டர் எண்ணை எழுதி வைத்து, 30 நாள் கழித்து ஒருமுறை பாருங்கள். 250-ஐத் தாண்டியிருந்தால் மிச்ச மாதத்தில் மோட்டாரையும் ஏ.சி.யையும் கொஞ்சம் பிடித்து ஓட்டலாம். தினமும் ஃபேனை அணைத்துவிட்டு வேர்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டாம். வீட்டு வரியிலும் இப்படி ஒன்று உண்டு: நகரப் பகுதிகளில் அரையாண்டு தொடங்கியதும் ஏப்ரலிலோ அக்டோபரிலோ கட்டினால் 5 சதவீதம் ஊக்கத்தொகை. வருஷச் செலவுக் கணக்கில் பணம் தயாராக இருந்தால்தான் அதை வாங்க முடியும்.

மருந்தில் மட்டும் தயவுசெய்து இந்தச் சிக்கனம் வேண்டாம். பிரஷர் மாத்திரையை ஒருநாள் விட்டு ஒருநாள் போட்டு மாதம் 400 ரூபாய் மிச்சம் பிடித்ததாக ஒருவர் என்னிடம் பெருமையாகச் சொன்னார். மறுநாள் அவர் மகனுக்குப் போன் செய்தேன். ஆலோசகராக நான் செய்யக்கூடாத வேலைதான், செய்தேன். அதே மருந்தைக் கம்பெனிப் பெயரில் கேட்காமல் மூலப்பெயரில் (ஜெனரிக்) வாங்கினால் விலை நன்றாகவே குறையும். மக்கள் மருந்தகங்கள் இருக்கின்றன, 2025 பிப்ரவரியில் தமிழக அரசு தொடங்கிய முதல்வர் மருந்தகங்கள் இருக்கின்றன. மருத்துவரிடம் மூலப்பெயரை எழுதித் தரச் சொல்லிக் கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. சர்க்கரைக்கும் ரத்தக் கொதிப்புக்கும் 2021-லிருந்து மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே மாத்திரை கொண்டுவந்து தருகிறார்கள். நூற்பாலைக்காரர் மனைவிக்கு மருந்துச் செலவு இதிலேயே பெருமளவு நின்றுவிட்டது.

முதலைத் தொடாமல் இருப்பதும் ஓர் இலக்குதான், சொல்லப்போனால் பெரிய இலக்கு. மகன் தொழில் தொடங்குகிறான் என்று மூத்த குடிமக்கள் கணக்கை முன்கூட்டியே முடிக்க வருகிறவர்கள் அதிகம். ஒரு வருஷத்துக்குள் முடித்தால் வாங்கிய வட்டியெல்லாம் திரும்பப் பிடிப்பார்கள். இரண்டு வருஷத்துக்குள் என்றால் போட்ட தொகையில் ஒன்றரை சதவீதம், அதற்குப் பிறகு ஒரு சதவீதம் பிடித்தம். இந்தப் பிடித்தத்தைவிடப் பெரிய விஷயம், மாத வருமானமே அதோடு போய்விடும் என்பது. மகனுக்கு உதவ வேண்டாம் என்று சொல்ல நான் யார்? ஆனால், 15 லட்சத்தில் 5 லட்சம் எடுத்தால் உங்கள் மாத வருமானத்தில் 3,400 ரூபாய்க்கு மேல் குறையும் என்று எழுதிக் காட்டுவேன். அந்தத் தாளை மகனிடமும் காட்டச் சொல்வேன். சில மகன்கள் அதைப் பார்த்ததும் வேறு வழி தேடியிருக்கிறார்கள். சிலர் தேடவில்லை.

நூற்பாலைக்காரர் இந்த ஜனவரியில் மறுபடி வந்தார். கையில் டைரி இல்லை, நாலாக மடித்த ஒரு தாள். மாதம் 3,475 எடுத்து வைக்க முடியவில்லை. முதல் நான்கு மாதம் 2,000 தான் முடிந்திருக்கிறது. ஜூலையிலிருந்து 3,000. தீபாவளிக்கு வளையல் அடகுக்குப் போகவில்லை. ஆனால் கார்த்திகையில் மோட்டார் மொத்தமாகப் புகைந்துபோய்ப் புதிது வாங்க வேண்டிவந்தது. அதற்கு அவருடைய மோதிரம் ஒன்று போயிருக்கிறது. தாளில் இந்த வருஷத்துக்கு "மோட்டார்" என்பதற்குப் பதில் "மீதி" என்று ஒரு வரி சேர்த்து, மாதம் 300 ரூபாய் எழுதியிருந்தார். எது போகும் என்று தெரியாது, ஏதோ ஒன்று போகும் என்பதற்கான பணமாம்.

கிளம்பும்போது வாசலில் நின்று, "பேப்பரைத் திரும்பப் போடச் சொல்லிட்டேன் சார்" என்றார். பின்னால் வந்த அந்த அம்மா, "காபியையும்" என்றார்.