டெர்மினலில் அண்டர்ஸ்கோர் ஏன் காணாமல் போகிறது?

எழுத்தின் அளவை ஒரு படி குறைத்தால் டெர்மினலில் (கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் எழுத்துச் சாளரத்தில்) அண்டர்ஸ்கோர் (_) குறிகள் எல்லாம் மறைந்துவிடுகின்றன, எடிட்டரில் அதே எழுத்துரு ஒழுங்காகத் தெரிகிறது, இது எப்படி என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். எழுத்துருவில் தவறில்லை. டெர்மினல் திரையில் எழுதும் முறையில்தான் விடை இருக்கிறது.

1978-இல் வந்த விடி100 என்ற டெர்மினல் கருவியின் திரை 80 நெடுவரிசை, 24 வரிசை கொண்ட கட்டங்களாக இருந்தது. கருவி போய் மென்பொருள் வந்துவிட்டாலும் கட்டங்கள் போகவில்லை. உள்ளே ஓடும் நிரலுக்கு எழுத்துருவும் தெரியாது, பிக்சலும் தெரியாது. ‘10-ஆம் வரிசை, 25-ஆம் நெடுவரிசைக்குப் போ, இந்த எழுத்தைப் போடு’ என்று மட்டும் சொல்லும். அதனால் எல்லாக் கட்டங்களும் ஒரே அளவில், முழு பிக்சல்களில் இருந்தாக வேண்டும்.

எழுத்துருவோ முழு எண்ணுக்குக் கட்டுப்பட்டதில்லை. கூரியர் என்ற எழுத்துருவில் ஒவ்வொரு எழுத்துக்கும் அகலம் எழுத்தளவின் 1000-இல் 600 பங்கு. 14 பிக்சல் அளவில் அது 8.4 பிக்சல். டெர்மினல் அதை 8 ஆக்கினால், 80 எழுத்து கொண்ட ஒரு வரி 32 பிக்சல் குறுகிப்போகும். உயரத்துக்கும் இதே கணக்குதான். எழுத்துகள் உட்காரும் கோட்டுக்குக் கீழே எவ்வளவு இடம் என்று எழுத்துருவுக்குள் குறித்திருப்பதைப் பின்னத்தை விட்டுவிட்டு முழு எண்ணாக்கினால், சிறிய அளவில் ஒரே பிக்சல் தடிமனுள்ள அண்டர்ஸ்கோர் கட்டத்துக்கு வெளியே விழுந்துவிடும்.

வெளியே விழுந்தாலும் திரையில் தெரியத்தானே வேண்டும்? எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். பல டெர்மினல்கள் ஒரு வரிசையின் பின்னணி நிறத்தைப் பூசி, அதன்மேல் எழுத்துகளை வரைந்து, அப்புறம் அடுத்த வரிசைக்குப் போகின்றன. 5-ஆம் வரிசையின் அண்டர்ஸ்கோர் 6-ஆம் வரிசையின் எல்லைக்குள் ஒரு பிக்சல் இறங்கி நிற்கிறது. அடுத்த கணம் 6-ஆம் வரிசையின் பின்னணி அதன்மேல் பூசப்படுகிறது. அண்டர்ஸ்கோர் வரையப்பட்டது உண்மை, அழிக்கப்பட்டதும் உண்மை. சாய்வெழுத்து ‘எஃப்’பின் தலை வலப்பக்கம் வெட்டுப்படுவதும் இதே வகைதான். அங்கே மூடுவது பக்கத்துக் கட்டத்தின் பின்னணி.

சரி, பின்னணி முழுவதையும் முதலில் பூசிவிட்டு எழுத்துகளைப் பிறகு வரையலாமே? வரையலாம். ஆனால் வேகத்துக்காகப் பல டெர்மினல்கள் மாறிய கட்டங்களை மட்டும்தான் திரும்ப வரையும். அந்தச் சாய்ந்த ‘எஃப்’பை அழித்தால் அதன் கட்டம் சுத்தமாகிவிடும், பக்கத்துக் கட்டத்துக்குள் நீண்ட நுனி மட்டும் திரையில் தங்கிவிடும். இதைத் தவிர்க்கத்தான் சில டெர்மினல்கள் கட்டத்துக்கு வெளியே போகும் பிக்சல்களை வேண்டுமென்றே வெட்டுகின்றன. இதைப் பலர் அலட்சியம் என்கிறார்கள், நான் அப்படி நினைக்கவில்லை. சுத்தமாக அழிக்க முடிவதற்குக் கொடுத்த விலை அது. திரையை முழுவதுமாக ஜிபியு என்ற வரைகலைச் செயலி மூலம் திரும்பத் திரும்ப வரையும் டெர்மினல்களுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. மற்றவற்றில், அமைப்பு இருந்தால் வரி உயரத்தை ஒரு பிக்சல் கூட்டிப் பாருங்கள். பெரும்பாலும் அதுவே போதும்.

தமிழுக்கு வந்தால் சிக்கல் வேறு வகை. ஓர் எழுத்துக்கு எத்தனை கட்டம் என்பதை டெர்மினல் வடிவத்தைப் பார்த்து முடிவு செய்வதில்லை, எல்லா மொழி எழுத்துகளுக்கும் எண் தரும் யூனிகோட் தரத்தின் பண்புகளிலிருந்து உருவான அட்டவணையைப் பார்த்துத்தான் சொல்கிறது. சீன எழுத்துக்கு இரண்டு கட்டம் உண்டு. ‘ர’வுக்கும் ‘ண’வுக்கும் ஆளுக்கு ஒன்றுதான். ‘ண’ சுருங்கும், அல்லது வெட்டுப்படும். இன்னும் விசித்திரம் உயிர்மெய்யில் இருக்கிறது. யூனிகோட் இகரக் குறியை இடம் பிடிக்கும் குறியாகவும், ஈகாரக் குறியை இடம் பிடிக்காத குறியாகவும் வகைப்படுத்தியிருக்கிறது. எழுத்தையும் குறியையும் தனித்தனியாக எண்ணும் பழைய கணக்குப்படி ‘கி’ இரண்டு கட்டம், ‘கீ’ ஒரே கட்டம்! ‘க்’ ஒன்று, ‘கு’ இரண்டு. தமிழ்க் கோப்பைத் திறந்தால் சில எழுத்துகளுக்குப் பின் வெற்றிடமும், சில எழுத்துகள் அடுத்ததோடு மோதுவதும் இதனால்தான்.

தமிழ்க் கணிமைக்கு நிதி ஒதுக்குகிறவர்கள் புது எழுத்துருக்களோடு இந்த அட்டவணை வேலைக்கும் ஆள் போட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. கண்ணுக்குத் தெரியாத வேலை, ஆனால் ஒருமுறை சரியாகிவிட்டால் எல்லா எழுத்துருக்களுக்கும் பயன்படும். ‘கி’யை ஒரே தொகுப்பாக எண்ணும் டெர்மினல்கள் வரத் தொடங்கிவிட்டன. ஆனால் உள்ளே ஓடும் எடிட்டரும் அதே கணக்கைப் போட வேண்டும். ஒருவர் ஒன்று என்று எண்ணி மற்றவர் இரண்டு என்று எண்ணினால், கர்சர் ஓரிடத்தில் நிற்கும், நீங்கள் அடிக்கும் எழுத்து வேறிடத்தில் விழும்.