சுவிஸில சரிவந்த ஹீட் பம்ப் யாழ்ப்பாணத்துக்குச் சரிவருமோ?

நான் ஏசி வேலை செய்யிறவன். ஆடி, ஆவணியில லீவுக்கு வாற ஆக்கள் இப்ப அடிக்கடி கேக்கிற கேள்வி ஒண்டு இருக்கு. போன வருசமும் கோண்டாவிலில ஒரு அண்ணை கேட்டவர், "தம்பி, சுவிஸில எங்கட வீட்டுக்கு நிலத்துக்குள்ள குழாய் இறக்கி ஹீட் பம்பாலதான் சூடாக்கிறது, வெயில் காலத்தில குளிராக்கிறதும் அதாலதான், கரண்ட் பில் நல்லாக் குறைவு, இஞ்சயும் ஒண்டு போடுவமோ?"

வேண்டாம் அண்ணை எண்டு சொன்னன்.

அங்க அது அருமையான சாமான், அதில எனக்குச் சந்தேகமே இல்லை. 150, 200 மீற்றர் ஆழத்துக்குக் குழாய் போகும், அதுக்குள்ள தண்ணியும் உறையாமல் இருக்கக் கிளைக்கோலும் கலந்து சுத்திக்கொண்டிருக்கும், மாரியில வெளியில பனி கொட்டேக்கயும் கீழ நிலம் 10 பாகைக்குக் கிட்ட இருக்கும், அந்தச் சூட்டை எடுத்து கொம்பிரசரால கூட்டி வீட்டுக்குள்ள விடுறதால ஒரு யூனிற் கரண்டுக்கு கிட்டத்தட்ட 4 யூனிற் சூடு கிடைக்குது. கோடையில வீட்டுச் சூட்டைத் திரும்ப நிலத்துக்கே குடுத்திடும். எடுக்கிறதும் குடுக்கிறதுமா நிலம் பெரிசா மாறாமல் இருக்கும்.

எங்கட நிலமோ வருசம் முழுக்க 28 பாகை அளவில நிக்குது. ராத்திரிதான் எல்லாரும் ஏசி போடுறவை, அந்த நேரம் வெளிக்காத்தும் கிட்டத்தட்ட அதேதான், பிறகு கிடங்கு தோண்டி என்ன லாபம்? அதோட எங்களுக்குச் சூடு எடுக்கிற காலமே இல்லை, நிலத்துக்குள்ள தள்ளுறது மட்டும்தான், அப்ப குழாயைச் சுத்தின கல்லு வருசா வருசம் சூடேறிக்கொண்டு வரும், மிசினுக்கும் வேலை கூடும்.

ஆனா எனக்குப் பெரிய பயம் தண்ணிதான். எங்களுக்கு வருசம் முழுக்க ஓடுற ஆறு இல்லை, சுண்ணாம்புக்கல்லுக்குள்ள நிக்கிற மழைத்தண்ணியைத்தான் பெரும்பாலும் நம்பியிருக்கிறம். நிலாவரைக் கிணறு பாத்தனீங்கள்தானே, மேல நல்ல தண்ணி, ஆழத்தில உப்பு. அந்த ரெண்டையும் ஊடுருவி 150 மீற்றர் துளை போட்டு சுத்திவரச் சரியா அடைக்காமல் விட்டா உப்பு மேல ஏற வழி வெட்டிக் குடுத்த மாதிரி, குழாய் வெடிச்சா கிளைக்கோலும் கல்லுப் பொந்துகளால பக்கத்து வளவுக் கிணத்துக்குப் போயிடும். சுன்னாகப் பக்கம் கிணத்துத் தண்ணியில எண்ணெய் மிதந்ததை மறந்திட்டமோ? சுவிஸிலயே குடிதண்ணி எடுக்கிற பாதுகாப்பு வலயங்களில இந்தத் துளை போட விடமாட்டினம். ஜேர்மனியில ஸ்ரௌபன் எண்ட ஊரில 2007இல நகரசபைக் கட்டடத்துக்கு 140 மீற்றர் துளைகள் போட, ஆழத்தில அமுக்கத்தோட இருந்த தண்ணி துளையளால மேல ஏறி ஒரு கல்லுப்படைக்குள்ள புகுந்து, அந்தக் கல்லு வீங்கி, இருநூறுக்கு மேல வீடுகளில வெடிப்பு விழுந்தது. எங்கட கல்லு வேற சாதி, அப்பிடி வீங்காது, ஆனா கீழ என்ன கிடக்கெண்டு பாக்காமல் துளைச்சா என்ன நடக்குமெண்டதுக்கு அதைச் சொல்லுறன்.

அண்ணையின்ர வீட்டில உண்மையான சூடு கொங்கிறீற் கூரையிலதான் இருந்தது, பின்னேரம் உள்ளுக்க நிண்டு கையை உயத்தினாலே தெரியும். கூரைக்கு மேல காத்தோட இடம் விட்டு தகரப் பந்தல், மேற்குச் சுவருக்கு வேப்பமர நிழல், படுக்கிற அறைக்கு மட்டும் ஒரு இன்வேர்ட்டர் ஏசி, இவ்வளவுதான் எழுதிக் குடுத்தன். பந்தல் போட்டாச்சு, வேம்பு இப்பதான் இடுப்பளவு வளந்திருக்கு.