நீராவி ரயில் அன்றாடம் ஓட வேண்டுமானால் தண்ணீருக்கு நேரம் ஒதுக்குங்கள்

பள்ளி விடுமுறையில் சிங்கப்பூரிலிருந்து ஊருக்குப் போகும் குடும்பங்களில் பல, மேட்டுப்பாளையத்தில் நீலகிரி மலை ரயிலையும் ஏறிப் பார்த்துவிட்டு வருகின்றன. திரும்பியதும் கேட்கும் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: 46 கிலோமீட்டருக்கு ஐந்து மணி நேரமா? நடுவில் ஏன் இத்தனை நிறுத்தம்? சில நிமிடத்துக்கு ஒரு பெருவிரைவு ரயில் வந்து பழகிய ஊரில் இப்படிக் கேட்பது இயல்பு. பதில் கொதிகலனில் இருக்கிறது. அதற்கு வேண்டிய நேரத்தை அட்டவணையில் சேர்த்தே எழுத வேண்டும். அந்த நேரத்தில் கைவைத்தால் ஆபத்து தொடங்குகிறது.

கல்லாரிலிருந்து குன்னூர் வரை ஏற்றம் ஏறக்குறைய 12-க்கு 1; அதாவது 12 மீட்டர் போனால் ஒரு மீட்டர் உயர வேண்டும். அங்கே ஓடும் எக்ஸ் வகை எஞ்சினில் நான்கு சிலிண்டர்கள். உயர் அழுத்த நீராவி முதலில் சாதாரணச் சக்கரங்களைத் தள்ளுகிறது; வேலை முடித்து வரும் அதே நீராவி இரண்டாவது ஜோடி சிலிண்டருக்குப் போய், தண்டவாள நடுவிலுள்ள பல்சட்டத்தைப் பற்றும் பற்சக்கரங்களைச் சுழற்றுகிறது. வழியில் தண்ணீர் பிடிக்க நிற்பது பயணத்தின் அவசியமான வேலை. அந்த நிறுத்தத்தைத் தாமதக் கணக்கில் சேர்ப்பது சரியல்ல.

குளிர்ந்த எஞ்சினை நெருப்பு மூட்டிய உடனே கிளப்ப முடியாது. சிறிய எஞ்சினுக்கே நான்கைந்து மணி நேரம் ஆகும். பெரியதற்கு முந்தைய நாளே சிறு தீ வைத்து மெல்லச் சூடேற்றுவார்கள். நெருப்பு எரியும் பெட்டியான ஃபயர்பாக்ஸின் உள்தகடும் வெளித்தகடும் ஒரே வேகத்தில் சூடாவதில்லை. இரண்டையும் பிணைக்கும் நூற்றுக்கணக்கான ஸ்டே போல்ட்டுகள் அந்த வேறுபாட்டில் இழுபடும். அவசரப்பட்டால் விரிசல் விடுவது அவைதாம்.

எல்லாவற்றையும்விட முக்கியம் தண்ணீர் மட்டம். ஃபயர்பாக்ஸின் மேல் தகடான கிரவுன் ஷீட்டுக்குக் கீழே ஆயிரம் டிகிரியைத் தாண்டிய நெருப்பு. மேலே தண்ணீர் நிற்கும்வரை தகடு தாங்கும். தண்ணீர் இறங்கிவிட்டால் சில நிமிடங்களில் தகடு சிவந்து, மென்மையாகி, அழுத்தம் தாளாமல் உள்ளே பிதுங்கும். அது கிழிந்தால் 180 டிகிரிக்கு மேல் சூடாக இருக்கும் தண்ணீர் நொடியில் ஆவியாகப் பாயும். ஒரு லிட்டர் தண்ணீர் ஏறக்குறைய 1,600 லிட்டர் நீராவியாக விரியக்கூடியது. கடைசிக் காவலாகக் கிரவுன் ஷீட்டில் ஈயம் நிரப்பிய பித்தளைச் செருகி பொருத்துவார்கள். 327 டிகிரியில் ஈயம் உருகி, நீராவி நெருப்பின்மேல் சீறி எச்சரிக்கும். செருகியில் உப்புப் படிவு ஏறியிருந்தால் அதை நம்ப முடியாது.

அதனால் ஒவ்வொரு பணிமுறையின் தொடக்கத்திலும், கொதிகலனின் தண்ணீர் மட்டத்தை வெளியே காட்டும் கண்ணாடிக் குழாயான மட்டக் கண்ணாடியைச் சோதிக்க வேண்டும். மேல், கீழ் குழாய்கள் இரண்டையும் மூடி, வடிகுழாயைத் திறக்கவும். மேல் குழாயை மட்டும் திறந்தால் நீராவி சீற வேண்டும். அதை மூடிக் கீழ்க்குழாயைத் திறந்தால் தண்ணீர் பீறிட வேண்டும். பிறகு வடிகுழாயை மூடி இரண்டையும் திறந்தால் தண்ணீர் சட்டென்று பழைய மட்டத்துக்கு வர வேண்டும். மெல்ல ஏறினால் வழி அடைபட்டிருக்கிறது; எஞ்சின் கிளம்பக் கூடாது. மலைப்பாதையில் இன்னொரு கவனம் தேவை: புகைபோக்கி முன்னால் இருக்க ஏறும் எஞ்சினில் தண்ணீர் பின்பக்கம் ஒதுங்கிக் கண்ணாடியில் அதிகமாகக் காட்டும். உச்சியைத் தாண்டி இறங்கியதும் அது முன்னால் ஓடிவிடும். கண்ணாடியில் தண்ணீர் மறைந்து, மட்டம் எங்கே என்று தெரியாவிட்டால், கொதிகலனுக்குள் தண்ணீர் செலுத்தும் இன்ஜெக்டரைத் தொடாதீர்கள். முதலில் நெருப்பைத் தணிக்க வேண்டும். பழுக்கக் காய்ந்த தகட்டில் தண்ணீர் படக் கூடாது.

1995 ஜூன் 16 அன்று அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் சுற்றுலா ரயில் ஒன்றின் 1278 எண் எஞ்சினில் நடந்தது இதுதான். கொதிகலனில் தண்ணீர் குறைந்து கிரவுன் ஷீட் கிழிந்தது. பணியாளர் மூவர் சுடுகாயம் அடைந்தார்கள். மட்டக் கண்ணாடிக்குச் செல்லும் வழியில் படிவு அடைத்திருந்ததை விசாரணை காட்டியது. அதன்பின் 1999-இல் அமெரிக்க விதிகள் திருத்தப்பட்டன: எஞ்சின் ஓடிய நாள் 1,472 அல்லது 15 ஆண்டு, எது முன்னால் வருகிறதோ, அப்போது கொதிகலனை முழுமையாகத் திறந்து பார்க்க வேண்டும்.

படிவை அகற்றும் வேலைக்கு வாஷவுட் என்று பெயர். தண்ணீரின் தன்மையைப் பொறுத்து சில வாரங்களுக்கு ஒருமுறை அதைச் செய்ய வேண்டும். எஞ்சினைத் தானாக ஆறவிட்டு, தண்ணீரை வடித்து, வாஷவுட் பிளக்குகளைக் கழற்றி, மேலிருந்து கீழாக அழுத்தத் தண்ணீர் பாய்ச்சி, அடிமூலைகளில் கம்பி விட்டுக் கிளற வேண்டும். பின் விளக்கும் கண்ணாடியும் வைத்து உள்ளே பார்க்க வேண்டும். சூடான கொதிகலனில் பச்சைத் தண்ணீர் விட்டு ஒரு நாளை மிச்சம் பிடிப்பவர்கள் தகட்டையே இழப்பார்கள். இதனால்தான் தினசரிச் சேவைக்கு ஓர் எஞ்சின் போதாது. ஒன்று ஓட, ஒன்று வாஷவுட்டில் இருக்க, இன்னொன்று பட்டறையில் இருக்க, குறைந்தது மூன்று வேண்டும் என்பது எங்கள் கருத்து.

சிங்கப்பூரில் சலவைக்கூடத்திலும் உணவு ஆலையிலும் பாய்லர் இயக்கும் நம்மவர்களுக்கு இது புதிதல்ல. இங்கே நீராவிக் கொதிகலனை மனிதவள அமைச்சின் அங்கீகாரம் பெற்ற ஆய்வாளர் 12 மாதத்துக்கு ஒருமுறை சோதிக்க வேண்டும். தஞ்சோங் பகாரில் 2011-இல் நின்றுபோன ரயில் பாதையில் நீராவி எஞ்சின் ஓடினால் என்ன என்று கேட்பவர்கள், தண்டவாளத்தோடு சேர்த்து சாம்பல் குழி, தண்ணீர்த் தொட்டி, லோகோ ஷெட், எஞ்சினின் நெருப்பையும் தண்ணீரையும் கவனிக்கும் பயிற்சி பெற்ற ஃபயர்மேன்கள் ஆகியவற்றையும் கணக்கில் வைக்க வேண்டும்.

பயணிகளுக்குச் சில வார்த்தைகள். சேஃப்டி வால்வு பெருஞ்சத்தத்தோடு சீறினால் பயப்படாதீர்கள்; அழுத்தம் தன் எல்லையில் நிற்கிறது என்று பொருள். சிலிண்டர் பக்கத்தில் மட்டும் நிற்காதீர்கள்: உள்ளே தேங்கிய தண்ணீர் சிலிண்டரை உடைத்துவிடாதபடி, கிளம்பும்போது டிரைவர் வடிகுழாய்களைத் திறப்பார், சுடுநீரும் ஆவியும் நடைமேடை உயரத்தில் பக்கவாட்டில் பாயும். குழந்தைகளுடன் படம் எடுப்பதாயிருந்தால் எஞ்சினிலிருந்து சில மீட்டர் தள்ளி நின்று எடுங்கள்.