நின்று நின்று ஓடிய படம்

வடசென்னை தண்டையார்பேட்டையில் அகஸ்தியா தியேட்டரை 2020-இல் மூடியபோது, ஆளாளுக்கு முதல் நாள் முதல் காட்சிக் கதை சொன்னார்கள். எனக்கு ஞாபகம் வந்தது ஒரு சத்தம். அதற்குப் பல வருஷம் முன்பே இடித்துவிட்ட எங்கள் ஏரியா கொட்டகையின் பின்பக்கப் படிக்கட்டில் நின்றால், ஆபரேட்டர் கேபினிலிருந்து தையல் மிஷின் மாதிரி டகடகவென்று கேட்கும்.

படம் 'ஓடுது' என்கிறோம். அந்தச் சத்தமோ பிலிம் நொடிக்கு 24 தடவை நிற்கிற சத்தம். நிற்காமல் ஓடினால் திரையில் வெறும் கோடுதான் விழும்.

நிறுத்துவது 'மால்டா சிலுவை' என்ற சின்ன இரும்புத் துண்டு. நான்கு காடி, அதாவது நீளப் பள்ளம், வெட்டியது. பக்கத்தில் ஒற்றை முள் வைத்த சக்கரம். அது ஒரு சுற்று வருகையில் முள் ஒரு காடிக்குள் புகுந்து சிலுவையைக் கால் சுற்று தள்ளிவிட்டு வெளியே வந்துவிடும். மீதி நேரம் சிலுவை பூட்டுப் போட்டதுபோல அசையாது. அதன் அச்சிலேயே, பிலிமின் ஓரத்துளைகளில் மாட்டி இழுக்கும் 16 பல் உருளை. கால் சுற்றுக்கு 4 பல். 35 மி.மீ. பிலிமில் ஒரு பிரேமுக்கு, அதாவது ஒரு தனிப் படத்துக்கு, ஓரத்துளையும் 4. கணக்கு அப்படியே உட்காருகிறது!

பிலிம் நகரும்போது ஷட்டர் வெளிச்சத்தை மறைத்துவிடும். நிற்கும்போதும் நடுவில் ஒருமுறை வேண்டுமென்றே மறைக்கும். ஆக நொடிக்கு 48 வெளிச்சத் துடிப்பு. வெறும் 24 என்றால் மினுமினுத்துக் கண் வலிக்கும்.

வெளிச்சம் அந்தக் காலத்தில் கார்பன் குச்சி. இரண்டு குச்சி நுனிகளுக்கு நடுவே மின்சாரம் தாவி எரியும். எரிய எரியக் குச்சி குறையும், இடைவெளியைச் சரிசெய்தபடி இருக்க வேண்டும். கவனம் தப்பினால் திரை மங்கும், கீழே விசில் பறக்கும்.

ஒலிதான் தகராறு. முதல் தமிழ்ப் பேசும்படமான 'காளிதாஸ்' 1931-இல் வந்தது இதே வடசென்னையில், தங்கசாலைத் தெரு கினிமா சென்ட்ரலில். பிற்பாடு அது முருகன் தியேட்டர். படம் நின்று நின்று போக வேண்டும், ஒலியோ துளியும் நிற்கக் கூடாது. அதனால் பிலிமின் ஓரத்தில் அச்சான ஒலித்தடத்தைப் படிக்கும் இடத்தைக் கீழே தள்ளி வைத்தார்கள். நடுவில் பிலிமைத் தளர்வாக ஒரு வளையம் விட்டால் குலுக்கல் அங்கேயே அடங்கிவிடும். ஒலியைச் சுமார் 20 பிரேம் முன்னதாக அச்சிட்டிருப்பார்கள். அறுந்து ஒட்டிய பிலிமில் முதலில் ஹீரோ எகிறுவார். முக்கால் நொடி கழித்து வசனம் எகிறும்.

ஒட்டும்போது வெட்டிப்போட்ட துண்டுகள் எங்கள் கைக்கு வரும். பியூஸ் போன பல்பில் தண்ணீர் ஊற்றினால் லென்ஸ். முகம் பார்க்கும் கண்ணாடியால் வெயிலைத் திருப்பி, துண்டைத் தலைகீழாகப் பிடித்தால் சுவரில் ஹீரோ நேராக நிற்பார். நடக்கவைக்கலாம் என்று எவ்வளவு வேகமாக இழுத்தும் கோடாகத்தான் கரைந்தார்.