பரணில் கிடைத்த பிளாங்க் பிஸ்டல்: சட்டம் என்ன சொல்கிறது, எதைத் தொடலாம்

வீட்டுப் பெரியவர் இறந்த பிறகு டிரங்குப் பெட்டியைக் காலி செய்யும்போது, துணியில் சுற்றிய சின்னத் துப்பாக்கி ஒன்று வெளியே வரும். "இது ஓட்டப் பந்தயத்துல சுடுறது, சத்தம் மட்டும்தான் வரும்" என்று யாராவது சொல்வார்கள். அது உண்மையாகவும் இருக்கலாம்; குண்டில்லாத வெற்றுத் தோட்டாவைச் சுடும் அந்த வகைக்குத்தான் பிளாங்க் பிஸ்டல் என்று பெயர். ஆனால் அதைப் பிரித்து, துரு நீக்கி, விசையை ஓடவைக்கக் கிளம்பும் முன் 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் சில பிரிவுகளைத் தெரிந்துகொள்ள வேண்டும். இந்த விஷயத்தில் மாட்டிக்கொள்பவர்கள் பலரும் கெட்ட எண்ணத்தால் மாட்டுவதில்லை. ஆசையாகப் பழுது பார்த்ததால்தான் மாட்டுகிறார்கள்.

முதலில் கையாளும் முறை. குழல் முனையை ஆளில்லாத பக்கம் தரையை நோக்கி வையுங்கள். விசையில் விரல் வேண்டாம். மேகசின் (தோட்டாக்களை அடுக்கும் கூடு) இருந்தால் கழற்றுங்கள். பிறகு குழலின் பின்னால் தோட்டா உட்காரும் அறையைத் திறந்து உள்ளே தோட்டா இருக்கிறதா என்று பாருங்கள். மேகசினைக் கழற்றினாலும் அறைக்குள் ஒரு தோட்டா தங்கியிருக்கலாம். எதுவும் அசையாமல் இறுகியிருந்தால் தட்டியோ நெம்பியோ திறக்காதீர்கள், அப்படியே வைத்துவிடுங்கள். வெற்றுத் தோட்டாவில் குண்டு இல்லையே தவிர மருந்து உண்டு. அருகில் வைத்துச் சுட்டால் மருந்து எரிந்து வரும் வாயுவின் வேகமே உயிரை எடுக்கும். 1984-ல் அமெரிக்க நடிகர் ஜான்-எரிக் ஹெக்சம் படப்பிடிப்புத் தளத்தில் அப்படித்தான் அடிபட்டு, சில நாட்களில் மருத்துவமனையில் இறந்தார்.

அடுத்தது அடையாளம். பிளாங்க் பிஸ்டலின் குழல் பெரும்பாலும் முழுவதும் அடைபட்டிருக்கும், அல்லது பாதி வழியில் எஃகுத் தடுப்பு இருக்கும். வாயு வெளியேறும் துளை மேல்பக்கமோ பக்கவாட்டிலோ இருக்கும்; முன்பக்கமாக வாயுவை விடும் வகைகளும் உண்டு. உடலைக் காந்தத்தால் சோதித்துப் பாருங்கள். மலிவான மாடல்கள் துத்தநாகக் கலவையில் வார்த்தவை, அவற்றில் காந்தம் ஒட்டாது. வார்ப்பு அச்சின் மெல்லிய கோடும் தெரியும். பிறகு எழுத்துகளைத் தேடுங்கள். ரோம், ரெக், எம்கே, மோன்டியால், ப்ரூனி போன்றவை ஐரோப்பியத் தயாரிப்பாளர்களின் பெயர்கள். வட்டத்துக்குள் பி.டி.பி. என்ற மூன்று ரோமன் எழுத்துகளும் கீழே எண்ணும் இருந்தால், அது ஜெர்மனியின் அரசு அளவியல் நிறுவனம் ஒப்புதல் தந்த ஓசைத் துப்பாக்கி மாடல். 6 மில்லி, 8 மில்லி, 9 மில்லி பி.ஏ.கே. என்ற அளவுகளும் பிளாங்க் வகைக்குப் பழக்கமானவை.

ஆனால் இந்த அடையாளங்களை வைத்து "இது துப்பாக்கியே இல்லை" என்று நீங்களே தீர்ப்புச் சொல்லிவிடக் கூடாது. தடுப்பைத் துளைத்து யாரோ எப்போதோ மாற்றியிருக்கலாம். குழலுக்குள் துளையிட்ட தடமோ, புதிதாகச் செருகிய குழாயோ தெரிந்தால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். தகராறு என்று வந்தால் தடயவியல் ஆய்வகத்தின் துப்பாக்கிப் பிரிவு தரும் கருத்துக்குத்தான் எடை.

சட்டத்தின் வரையறைகள் இந்தப் பொருளுக்கு நேராக வந்து நிற்கின்றன. குண்டு போன்ற எதையாவது வெடிமருந்தாலோ வேறு ஆற்றலாலோ வெளியே தள்ளும்படி வடிவமைத்த, அல்லது அப்படி மாற்றிய எதுவும் 'துப்பாக்கி'. 'ஆயுதம்' என்ற சொல் அதைவிட அகலமானது, உதிரி பாகங்களும் அதில் அடக்கம். பொம்மைக்கு விலக்கு உண்டு. ஆனால் பொம்மையாகத் தவிர வேறு எதற்கும் பயன்படாததாகவும், வேலை செய்யும் ஆயுதமாக மாற்ற முடியாததாகவும் இருந்தால்தான் அந்த விலக்கு. பிளாங்க் பிஸ்டல் விஷயம் சிக்கலாவது இந்த 'மாற்ற முடியாத' என்ற சொல்லில்தான்.

பழைய பொருட்களுக்கு 45-ஆம் பிரிவில் ஒரு விலக்கு இருக்கிறது. வழக்கொழிந்த மாடல், தொன்மை மதிப்புள்ளது, பழுதடைந்தது ஆகியவற்றுக்குச் சட்டம் பொருந்தாது. ஆனால் ஒரு நிபந்தனை: பழுது பார்த்தாலும் பார்க்காவிட்டாலும் அது துப்பாக்கியாகப் பயன்படக் கூடாது. 'பழுது பார்த்தாலும்' என்பதை இரண்டு முறை படியுங்கள். துருப்பிடித்து நின்றுபோன ஒன்றை நீங்கள் ஓடவைத்துவிட்டால், அது ஓடவைக்கக் கூடியதாகத்தான் இருந்தது என்று உங்கள் கையாலேயே நிரூபித்துவிடுகிறீர்கள். விலக்கு அந்த நிமிடமே போய்விடுகிறது.

5-ஆம் பிரிவின்படி துப்பாக்கியைப் பழுது பார்ப்பது, சோதிப்பது, மாற்றுவது, விற்பது எல்லாவற்றுக்கும் தனி உரிமம் வேண்டும். 6-ஆம் பிரிவின்படி போலித் துப்பாக்கியை நிஜத் துப்பாக்கியாக மாற்றுவதும், குழலை வெட்டிக் குறுக்குவதும் உரிமமின்றிச் செய்யக் கூடாதவை. 2019 திருத்தத்துக்குப் பிறகு இந்த இரண்டுக்கும் குறைந்தது 7 ஆண்டுச் சிறை, ஆயுள் வரை போகலாம். உரிமமின்றி வைத்திருப்பதற்கு 2 முதல் 5 ஆண்டு. லேத் பட்டறையில் கொடுத்து "கொஞ்சம் சரி பண்ணிக் கொடுங்க" என்று கேட்டால், பட்டறைக்காரரையும் சேர்த்து இழுத்துவிடுகிறீர்கள்.

பாலிஷ் போடுபவர்கள் 8-ஆம் பிரிவைக் கவனிக்க வேண்டும். துப்பாக்கியில் பொறித்த பெயர், எண், அடையாளக் குறி எதையும் அழிக்கவோ மாற்றவோ கூடாது. குறி இல்லாத துப்பாக்கி உங்களிடம் இருந்தால், வேறு மாதிரி நிரூபிக்கப்படும்வரை, அழித்தது நீங்கள்தான் என்றே சட்டம் எடுத்துக்கொள்ளும். மங்கலான எண்ணின் மேல் உப்புத்தாள் தேய்ப்பது எவ்வளவு பெரிய தவறு என்று இதிலிருந்து புரியும்.

செய்ய வேண்டியது

இருக்கும் இடத்திலேயே நான்கு பக்கமும் படம் எடுங்கள். குறிகளைத் தனித்தனியாக, சாய்வான வெளிச்சத்தில் எடுத்தால் மங்கிய எழுத்தும் தெரியும். பெட்டியில் பழைய லைசென்ஸ் புத்தகம், வாங்கிய ரசீது, படைப்பிரிவுக் கடிதம் ஏதாவது இருக்கிறதா என்று துழாவுங்கள். லைசென்ஸ் புத்தகத்தில் உள்ள எண்ணும் துப்பாக்கியில் உள்ள எண்ணும் பொருந்தினால் பாதி வேலை முடிந்தது.

பிறகு உங்கள் பகுதிக்கு உரிய காவல் நிலையத்துக்கு எழுத்தில் தெரிவியுங்கள். யார் இறந்தார், எந்தத் தேதியில் எங்கே கிடைத்தது, என்னென்ன குறிகள், தோட்டா எத்தனை என்று எழுதி, ஒப்படைக்க விரும்புவதாகக் குறிப்பிட்டு, நகலில் முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். துப்பாக்கியைப் பையில் போட்டுக்கொண்டு பேருந்தில் போகாதீர்கள். உரிமமின்றி எடுத்துச் செல்வதும் குற்றம்தான். அவர்களே வந்து எடுக்கட்டும், அல்லது எப்படிக் கொண்டுவர வேண்டும் என்று சொல்லட்டும். வெற்றுத் தோட்டாக்களையும் கூடவே ஒப்படைத்துவிடுங்கள். அவற்றைப் பிரிப்பதோ குப்பையில் போடுவதோ வேண்டாம்.

வைத்திருக்கும் உரிமை ஏதோ காரணத்தால் இல்லாமல் போன ஆயுதத்தைத் தாமதமின்றிக் காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற துப்பாக்கி வியாபாரியிடமோ ஒப்படைக்க வேண்டும் என்கிறது 21-ஆம் பிரிவு. ஒப்படைத்ததாலேயே அது கையை விட்டுப் போய்விடாது. விதித்த காலத்துக்குள் உரிமம் பெற்றுத் திரும்ப வாங்கலாம், அல்லது உரிமம் உள்ளவருக்கு விற்கச் சொல்லிப் பணத்தைப் பெறலாம். காலம் கடந்தால் மாவட்ட நடுவரின் (டிஸ்ட்ரிக்ட் மாஜிஸ்திரேட்) உத்தரவால் அரசுடைமையாகும். அதனால் ரசீதில் தயாரிப்பாளர் பெயர், அளவு, எண், நிலை எல்லாம் எழுதப்பட்டிருக்கிறதா என்று அங்கேயே சரிபாருங்கள். "பழைய பிஸ்டல் ஒன்று" என்று மட்டும் எழுதிய ரசீது பின்னால் உதவாது.

இறந்தவரிடம் உரிமம் இருந்திருந்தால், 2016 ஆயுத விதிகளின் 25-ஆவது விதி வாரிசுக்குத் தனி வழி தருகிறது. இறப்புச் சான்றிதழ், தாசில்தார் தரும் வாரிசுச் சான்றிதழ், மற்ற வாரிசுகளின் ஆட்சேபமில்லாக் கடிதம் ஆகியவற்றோடு மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் விண்ணப்பிக்க வேண்டும். காவல் ஆணையரகம் உள்ள மாநகரங்களில் ஆணையர் அலுவலகம். வயது 21 நிறைந்திருக்க வேண்டும். வாரிசு உரிமையில் வந்தாலும் ஒருவர் வைத்திருக்கக்கூடியது மொத்தம் 2 துப்பாக்கிகள்தான். ஏற்கெனவே இரண்டு இருந்தால் மூன்றாவது கிடைக்காது.

கியூரியோ எனப்படும் அரிய பழம்பொருள் வகைக்கு 2020 விதித் திருத்தம் ஒரு தளர்வு தந்தது. அந்த வகையில் சேரும் சிறு ஆயுதங்களை வாங்கி வைத்திருக்க இந்தியக் குடிமகனுக்கு உரிமம் தேவையில்லை. பயன்படுத்தவும் எடுத்துச் செல்லவும் உரிமம் தேவை. தாத்தா காலத்துப் பொருள் என்பதாலேயே ஒன்று கியூரியோ ஆகிவிடாது. உங்களிடம் இருப்பது கியூரியோவா என்பதை உரிமம் தரும் அலுவலகத்தில் எழுத்தில் கேட்டு எழுத்திலேயே பதில் வாங்குங்கள்.

கைக்கு வந்த பிறகு சுத்தம்

சட்டப்படி உங்களிடம் வைத்துக்கொள்ளலாம் என்றான பிறகு, காட்சிக்காக மேற்பரப்பைச் சுத்தம் செய்யலாம். மென்மையான பருத்தித் துணி, பழைய பல் துலக்கி, இரண்டு மூன்று சொட்டு மெல்லிய மெஷின் எண்ணெய் போதும். பித்தளைப் பாத்திரம் தேய்க்கிற பழக்கத்தில் புளியோ எலுமிச்சையோ தொடாதீர்கள். அமிலம் துத்தநாகத்தை அரித்துக் குழி விழவைத்துவிடும். எஃகுக்கான கறுப்புச் சாயமும் துத்தநாகத்தில் பிடிக்காது, திட்டுத் திட்டாகிப் பார்க்க அசிங்கமாகிவிடும். வார்ப்பு உப்பி, மயிரிழை வெடிப்புகள் தெரிந்தால் உலோகமே உள்ளுக்குள் சிதைகிறது என்று அர்த்தம். அதைத் துடைப்பதைத் தவிர எதுவும் செய்ய வேண்டாம். வெறுமனே விசையை இழுத்து விளையாடுவதும் கூடாது, வார்ப்புச் சுத்தியல் உடைந்துவிடும். தோல் உறை ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். அதைத் தனியாகவும், பிஸ்டலை சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு பூட்டிய பெட்டியிலும் வையுங்கள்.