ஒரே பக்கமாக வட்டமிடும் பசு

பட்டியில் நிற்கும் கிழப்பசு ஒன்று சில வாரங்களாக இடப்பக்கமாகவே வட்டமிடுகிறது. வலப்பக்கத்து வேலியில் முட்டிக்கொள்கிறது. வன்னியில் இதைப் பார்ப்பவர் வாயில் முதலில் வரும் சொல் 'விசர்'. அந்த அச்சம் நியாயமானது; விசர்நாய்க்கடி நோய் மாட்டையும் தாக்கும். என்ன நோயென்று தெரியும்வரை மாட்டின் வாய்க்குள் வெறுங்கையை விடவே கூடாது. ஆனால் விசர் கண்ட மாடு பெரும்பாலும் பத்து நாளுக்குள் இறந்துவிடும். காய்ச்சலில்லாமல், வாரக்கணக்கில், ஒரே பக்கமாகக் கோளாறு கூடிக்கொண்டே போனால் மண்டைக்குள் ஏதோ வளர்கிறது என்று மிருக வைத்தியர் சந்தேகிப்பார்.

எங்கே வளர்கிறது? கையை அந்தப் பசுவின் கண்ணருகே சட்டெனக் கொண்டுபோகிறார், காற்றுப் படாமல். இடக்கண் இமைக்கிறது, வலக்கண் இமைக்கவில்லை. வலக்கண்ணின் இமையைத் தொட்டால் மூடுகிறது. டோர்ச் அடித்தால் பாவை சுருங்குகிறது. ஆகவே கண்ணும் அதன் நரம்பும் பழுதில்லை. வலக்கண்ணிலிருந்து வரும் நரம்பிழைகளில் பெரும்பகுதி இடப்பக்க மூளைக்கே செல்கிறது. பழுது அங்கேதான். பெருமூளை பழுதான மாடு பழுதுள்ள பக்கமாகவே சுற்றும். ஒரு கையும் ஒரு டோர்ச்சும் இவ்வளவு சொல்லிவிடுவது எனக்கு இன்றும் வியப்புத்தான்.

பின்னங்கால்கள் மட்டும் தளர்ந்தால் முள்ளந்தண்டைப் பார்க்க வேண்டும். மாட்டு லூக்கோசிஸ் வைரஸால் வரும் நிணநீர்ப் புற்று முள்ளந்தண்டுக் குழாய்க்குள் வளர்ந்து நரம்பை நெரிக்கும். மலக்குடல் வழியே கைவிட்டுப் பார்த்தால் வீங்கிய நிணநீர்க் கணுக்கள் தட்டுப்படலாம். இரத்தத்தில் வைரஸ் எதிர்ப்பொருள் இருப்பது மட்டும் புற்றுக்குச் சான்றாகாது. தொற்றிய மாடுகளில் நூற்றுக்கு ஐந்துக்கும் குறைவானவற்றுக்கே புற்று வரும். ஆட்டுக்கு இடுப்புத் திடீரென விழுந்தாலோ வேறு கதை: மாட்டின் வயிற்றறையில் வாழும் செட்டேரியா புழுவின் குஞ்சு, நுளம்பு வழியாக வந்து ஆட்டின் நரம்பைத் துளைத்திருக்கக்கூடும்.

மூளைக் கட்டிகள் கால்நடைகளில் அரிது. பெரும்பாலான கால்நடைகள் முதுமையைக் காண்பதேயில்லை. பால் வற்றிய பசுவையும் விற்க மனம் வராத வீடுகள் நம்மிடையே உள்ளன. அங்குதான் இக்கட்டிகள் கண்ணில் படும்.

உறுதியான முடிவு பெரும்பாலும் இறந்த பிறகே கிடைக்கிறது. தயவுசெய்து, புதைக்குமுன் மிருக வைத்தியருக்கு அறிவியுங்கள். நம் வெயிலில் மூளை விரைவில் கூழாகிவிடும். மூளைத்தண்டின் ஒரு துண்டு விசர்ப் பரிசோதனைக்கு ஐசில் போகும். மற்றது பத்து வீதப் போர்மலினில் நாட்கணக்கில் ஊறி இறுகும். பின் அதை மயிரிழையினும் மெல்லியதாகச் சீவிச் சாயமேற்றினால், கட்டியா, சீழா, புழு போன தடமா என்பது நுணுக்குக்காட்டியில் தெரியும்.